பைனாகுலர் ஆடாமலிருக்க மூங்கில் கவை

பட்டுக்கோட்டையிலிருந்து வடுவூர் ஏரிக்கோ கோடியக்கரைக்கோ பறவை பார்க்கப் போகிறவர்களுக்குக் கை நடுக்கமே பெரிய தொல்லை. 10 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர், கையின் ஆட்டத்தையும் 10 மடங்காகக் காட்டும். வீட்டிலேயே ஒரு தாங்கி செய்துகொள்ளுங்கள்.

1. நன்றாகக் காய்ந்த மெல்லிய மூங்கில் கழிகள் இரண்டு எடுங்கள். பச்சைக் கழி கனக்கும், காயும்போது வளையும்.

2. கண் உயரத்தைவிட ஒரு சாண் கூடுதலாக வெட்டுங்கள். கழிகளை விரிக்கும்போது உயரம் சற்றுக் குறையும்.

3. அடிமுனையில் கணு வரும்படி பாருங்கள். தரையில் ஊன்றினால் பிளக்காது.

4. நுனிக்கு ஒரு சாண் கீழே, பழைய சைக்கிள் டியூப்பைப் பட்டையாக வெட்டி இரு கழிகளையும் சேர்த்துக் கட்டுங்கள். ரப்பர் வழுக்காது; விரிக்க, மடக்க இடம் கொடுக்கும்.

5. கட்டுக்கு மேலே விரியும் கவையின் உட்புறம் துணி சுற்றுங்கள். பைனாகுலரில் கீறல் விழாது.

6. உட்கார்ந்து பார்க்க, துணிப்பையில் முக்கால் பங்கு உமி நிரப்பித் தைத்து மதகுச் சுவரில் வைத்து, அதன்மேல் பைனாகுலரை ஊன்றுங்கள். நிறைய அடைத்தால் பை பதியாது.

7. கூடுகளை நெருங்காதீர்கள். தாய்ப்பறவை எழுந்து பறந்தால் முட்டையும் குஞ்சும் காகத்துக்கு இரையாகும்.

பறவைகளைச் சுடுவதும் கண்ணி வைத்துப் பிடிப்பதும் 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வயலிலோ ஏரியிலோ அப்படி யாரையும் கண்டால் வனத்துறைக்கு உடனே தெரிவியுங்கள்.