வயலுக்குப் போகும் சைக்கிள்

வீடு எழுவான்கரையில், வயல் படுவான்கரையில். 2007ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து வாவியின் இக்கரைக்கு வந்த குடும்பங்கள் பல இந்நிலையை நன்கறியும். மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை சைக்கிளையும் பாதையில் ஏற்றியே அக்கரை சென்றோம்.

வயல் 10 கிலோமீற்றர் தூரத்தில் என்று கொள்வோம். நடந்து போக 2 மணித்தியாலம். சைக்கிளில் ஏறத்தாழ 45 நிமிடம். போய்வர மிஞ்சுவது இரண்டரை மணித்தியாலம். களை பிடுங்கவும், பொழுதுபடுமுன் பிள்ளைகளிடம் திரும்பவும் அந்நேரம் உதவும். சைக்கிள் பழுதானால் ஒருநாள் வேலை போகும்; பழுது தொடர்ந்தால் வயலே காடாகும்.

எமது வாவி கடலோடு கலப்பது; அதன் நீரில் உப்புண்டு. ஆகவே நனைந்த செயினை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, உலர்ந்தபின் சில துளி எண்ணெய் விடுவோம். எண்ணெய் மிகுந்தால் மணல் ஒட்டிச் செயின் தேயும். காற்றுக் குறைந்த ரயர் மிதிக்கப் பாரம், ரியூபும் வெட்டுப்படும். நெல்மூட்டை ஏற்றிய சைக்கிள் நிற்க அதிக தூரம் வேண்டும். புறப்படுமுன் இரு பிறேக்கையும் பிடித்துப் பார்ப்போம்.

கலந்துரையாட: ஒரு பம்பும் ஒட்டுச் சாமான்களும் எமது சங்கத்தில் பொதுவாக வைக்கலாமா? யார் பொறுப்பேற்பார்?