ஜலதோஷத்திற்குப் பின் குழந்தைகளுக்குக் காணும் முகவாதம்

ஜலதோஷமும் இருமலும் தணிந்து சில தினங்கள் சென்றபின், காலையில் எழுந்த குழந்தையின் வாய் ஒருபுறம் கோணியிருக்கக் காணும் பெற்றோர் திடுக்கிடுவது இயல்பே. பேய் அறைந்ததென்று எண்ணி, மந்திரிப்பதற்காகக் கடன் வாங்குவோரும் உளர். சங்கத்துக் கடன் எத்தனையோ காரியங்களுக்கு உதவும். இதற்கு அது வேண்டுவதில்லை.

முகத்தசைகளை இயக்கும் நரம்பு, காதின் அருகிலுள்ள எலும்பில் மிகக் குறுகிய கால்வாய் ஒன்றின் வழியே வருகின்றது. அந்நரம்பு வீங்கினால் விரிவதற்கு இடமின்றி நெருக்குண்டு செயலிழக்கின்றது. 1821-ஆம் வருஷத்தில் இந்நரம்பைக் குறித்து எழுதிய சார்லஸ் பெல் என்னும் வைத்தியரின் பெயரால் இது பெல் வாதம் எனப்படும். வைரஸ் கிருமிகளே வீக்கத்திற்குக் காரணமெனக் கருதப்படினும், பல குழந்தைகளிடத்தில் காரணம் திட்டமாய்ப் புலப்படுவதில்லை. சிலருக்கு நாவின் ஒருபாதியில் சுவை குன்றும். சிறு ஓசையும் பெரிதாய்க் கேட்கும்.

புருவத்தை உயர்த்தும்படி குழந்தையிடம் சொல்லிப் பார்க்கலாம். பெல் வாதத்தில் அப்பக்கத்து நெற்றியும் சுருங்காது. நெற்றி நன்கு சுருங்கி, வாய் மட்டும் கோணினால் கோளாறு மூளையில் இருக்கக்கூடும். கைகால் தளர்ச்சி, கடுங்காய்ச்சல், கழுத்து விறைப்பு, காதில் சீழ் அல்லது காதின்பின் வீக்கம் காணினும் தாமதியாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோதல் அவசியம். இக்குறிகள் இல்லாவிடினும், முகம் கோணிய எந்தக் குழந்தையையும் அன்றே வைத்தியர் பார்த்தல் வேண்டும். வேறு நோய் இல்லையென்று தெளிந்த பின்னரே இதனைப் பெல் வாதமென்று கூறுதல் முறை.

பெற்றோர் பெரிதும் கவனிக்க வேண்டியது கோணிய வாயையன்று, மூடாத கண்ணையே. இமை மூடாவிடில் விழி உலரும், தூசி பட்டுக் கருவிழி புண்ணாகும், பார்வையே குன்றலாம். முகம் நேரான பின்னும் கண்ணின் பழுது நிலைத்துவிடக் கூடும். ஆதலால் வைத்தியர் தரும் கண் சொட்டு மருந்தைப் பகலிலும், களிம்பை இரவிலும் இட்டு, உறங்குகையில் இமையை மூடிவைக்கும் முறையை அவரிடமே கற்றுக்கொள்ள வேண்டும். பச்சிலைச் சாறு, தாய்ப்பால் முதலியவற்றைக் கண்ணில் விடுதல் கூடாது.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 187 குழந்தைகளிடம் பிரெட்னிசலோன் என்னும் மருந்து சோதிக்கப்பட்டு, 2022-இல் முடிவு வெளியாயிற்று. ஒரு மாதத்தில் பூரண குணமடைந்தோர் தொகையில், மருந்து உண்டவர்க்கும் உண்ணாதவர்க்கும் திட்டமான வேற்றுமை காணப்படவில்லை. ஆறு மாதத்திற்குள் இரு சாராரிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் பூரண குணமடைந்தனர். மந்திரித்தவர் பெயர்பெறுவதும் இதனாலேயே போலும்!

உண்ட சோறு கன்னத்தில் தங்குமாதலால் உணவுக்குப்பின் வாய் கொப்பளிக்கச் செய்க. மூன்று மாதத்திற்குப் பின்னும் கோணல் நீங்காவிடில், குழந்தையை மறுபடியும் வைத்தியரிடம் காட்டுக.