ஓர்க்கா பல் வார்ப்பது எப்படி: ஒட்டாத மோல்டும் உப்பாத ரெசினும்

ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் பக்கம் டூல் ரூமில் இருப்பவர்களுக்கு சிலிக்கான் மோல்டு புதிதல்ல. டேஷ்போர்டு பொத்தானுக்கு மாதிரி வார்த்துப் பழகிய கைக்கு ஒரு பல் பெரிய வேலையா என்று கல்லூரி ஆர்டரை வாங்கிவிடுகிறார்கள். மறுநாள் பிரித்தால் மோல்டின் உள்பக்கம் பாகு மாதிரி பிசுபிசுக்கிறது. இதே புலம்பலைப் பலரிடம் கேட்டாகிவிட்டது.

அதற்கு முன் ஒன்று. யாராவது நிஜப் பல்லோடு வந்து, "இதையே மாஸ்டரா வெச்சுக்கோங்கண்ணே" என்றால் கையில்கூட வாங்காதீர்கள். திருச்செந்தூர் பக்கம் மணப்பாடு கரையில் 1973 ஜனவரியில் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியிலும் அதே திருச்செந்தூர்க் கடற்கரையில் கூட்டமாக ஒதுங்கின. "அப்போ தாத்தா எடுத்து வெச்சது" என்று கதை வரும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிரினத்தின் பல்லை அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம். ஸ்கேன் கோப்பிலிருந்து பிரிண்ட் எடுங்கள், போதும்.

கோப்பு கிடைத்ததும் வேரின் நடுவில் குறுக்குவெட்டு பாருங்கள். ஓர்க்காவின், அதாவது கொலைத்திமிங்கலத்தின் பல் முன்பின்னாக அமுங்கி நீள்வட்டமாக இருக்கும். வட்டமாக இருந்தால் அது பொய்க் கொலைத்திமிங்கலத்தின் பல்லாக இருக்கலாம். கோப்பின் பெயரை நம்ப வேண்டாம். வளர்ந்த ஓர்க்காவின் பல் சுமார் 10 செ.மீ. வரும். அதில் பாதிக்கு மேல் தாடையெலும்புக்குள் புதைந்திருப்பதால், வேர் இல்லாத நகல் பாடத்துக்கு உதவாது. இளம் விலங்கின் பல்லில் வேர் கூம்பு மாதிரி உள்ளே குடைவாக இருக்கும். வயது ஏற ஏற டென்டின் உள்பக்கமாக அடுக்கடுக்காகப் படிந்து குழியை அடைத்துவிடும். பல்லை நெடுக அறுத்து அந்த அடுக்குகளை எண்ணித்தான் வயதைக் கணிக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஒரு குடைந்த பல், ஒரு நிறைந்த பல் என்று ஜோடியாகத்தான் கொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்து என்ன பாடம் நடத்துவது?

பல்லின் நுனி மழுங்கியிருந்தால் 'டிஃபெக்ட்' என்று சாஃப்ட்வேரில் கூராக்கிவிடாதீர்கள். நம் ஆட்களுக்கு இந்தக் கை அரிப்பு உண்டு. பசிபிக்கின் ஆழ்கடல் பக்கம் சுறாவைத் தின்னும் ஓர்க்காக்களுக்கு, சுறாத்தோலின் சொரசொரப்பில் பல் ஈறு மட்டத்துக்கே தேய்ந்துவிடுகிறது. தொட்டியில் அடைபட்டவை கான்கிரீட் விளிம்பையும் இரும்புக் கதவையும் கடித்தே பல்லைப் பாழாக்கிக்கொள்கின்றன. ஆஸ்திரேலியாவின் ஈடன் ஊர் அருங்காட்சியகத்தில் 1930இல் இறந்த ஓல்ட் டாம் என்ற ஓர்க்காவின் எலும்புக்கூடு நிற்கிறது. அதன் பல் தேய்ந்தது திமிங்கல வேட்டைக்காரர்களின் கயிற்றைக் கவ்வி இழுத்ததால் என்று அந்த ஊரில் சொல்வார்கள். காரணம் எதுவானாலும், அந்தத் தேய்மானமே பாடம்.

இனி அந்தப் பிசுபிசுப்பு. சிலிக்கானில் டின் வகை, பிளாட்டினம் வகை என்று இரண்டு உண்டு. பிளாட்டினம் வகை சுருங்காது, பல வருஷம் நிற்கும், அதனால் எல்லோரும் அதையே வாங்குகிறார்கள். அதற்கு முக்கியமாக ஆகாதவை மூன்று: ரெசின் பிரிண்டரில் எடுத்த மாஸ்டர், கந்தகம் கலந்த களிமண், லேடெக்ஸ் கையுறை. இதில் எது பட்டாலும் அந்த இடம் மட்டும் இறுகாது. வேக்கம் பம்ப் சரியில்லை, ஹார்ட்னர் பழசு என்று ஊரையே குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். காரணம் மாஸ்டரின் மேல்தோலில் இருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, யு.வி. விளக்கில் முழுசாக இறுகவிட்டு, மேலே கிளியர் லேக்கர் இரண்டு கோட் அடித்தால் பெரும்பாலும் சரியாகும். அந்தப் 'பெரும்பாலும்' எனக்குப் பிடிக்காது. ரெசின் பிரிண்ட் என்றால் டின் வகைதான், பேச்சே கிடையாது. நாளாக ஆகக் கொஞ்சம் சுருங்கும். பத்துப் பன்னிரண்டு பல்லுக்குத் தாராளமாகப் போதும். நிறைய வேண்டுமென்றால் பி.எல்.ஏ. இழையில் பிரிண்ட் எடுத்து, உப்புத்தாள் போட்டு வரி மறையத் தேய்த்து, அப்புறம் பிளாட்டினத்துக்குப் போங்கள். எந்த வகையானாலும் வேரின் அடியில் ஒரு சொட்டு கலவையை வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் நகத்தால் சுரண்டினால் சுத்தமாக உரிந்து வர வேண்டும். லேக்கரையோ பிரைமரையோ மாற்றினால் இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

பெட்டியில் பல்லை நுனி கீழாக, வேர் மேலாக நிறுத்தி ஊற்றுங்கள். இறுகியபின் வேர்ப் பக்கத்திலிருந்து நெளிநெளியாகக் கத்தி போட்டு, எனாமல் தொடங்குமிடத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். சிலிக்கான் இழுபடும், பல் வெளியே வந்துவிடும்; பளபளக்க வேண்டிய நுனியில் கோடும் விழாது. குடைந்த பல் என்றால் அந்தக் குழிக்கு ஒரு சிலிக்கான் முளையைத் தனியாக வார்த்து மேலே குறுக்குக் கம்பியில் தொங்கவிட வேண்டும்.

அடுத்தது ரெசின். பாலியூரித்தேன் சீக்கிரம் இறுகும், ஆனால் ஈரம் பட்டால் கரியமில வாயு கிளம்பி நுரைத்து உப்பிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்துக் காற்றே அதற்குப் போதும். பேப்பர் கப், மரக்குச்சி இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பவை; பிளாஸ்டிக் கப்பும் எஃகுக் கம்பியும் வைத்துக்கொள்ளுங்கள். பல்லுக்கு எடை கூட்ட டால்க் கலப்பதானால் அதையும் ஓவனில் காயவைத்து, ஆறவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். மழை நாளில் நான் எபாக்ஸிக்கு மாறிவிடுவேன். அதைத் தடிமனாக ஒரே தடவையில் ஊற்றினால் சூடேறி மஞ்சளடிக்கும். மெதுவான ஹார்ட்னர் போட்டு இரண்டு தடவையாக ஊற்றுங்கள். எதை ஊற்றினாலும் முதலில் சிரிஞ்சால் நுனியில் சில சொட்டு விடுங்கள், இல்லையென்றால் அங்கே காற்றுக் குமிழி நிற்கும்.

பெயின்ட் பெரிய விஷயமில்லை. நுனியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, வேரை மங்கலாக விட்டு, வரிப்பள்ளங்களில் பழுப்பு நிறம் பூசித் துடைத்துவிடுங்கள்.

தாடையோடு கேட்டால் ஒரு பக்கத்துக்கு, மேலும் கீழும் தனித்தனியாக, 10 முதல் 14 பல் வரை வரும். வெட்டும்பல், கடைவாய்ப்பல் என்ற பேதமில்லை, எல்லாம் கூம்புதான். மேல்பல் கீழ்வரிசை இடைவெளியில் போய் உட்கார வேண்டும். பல்லை ஒட்டுவதற்கு முன் தாடையை மூடிப் பாருங்கள்.

வேரின் வெளிப்பக்கத்தில் 'நகல்' என்ற சொல்லையும் வருஷத்தையும் மாஸ்டரிலேயே செதுக்கிவிடுங்கள். பெயின்டில் எழுதினால் அழிந்துபோகும், பஸ்ஸில் எடுத்துப் போகிற மாணவனிடம் யாராவது கேட்டால் பதில் இருக்காது. இதற்குள் மோல்டு ஊற்றி முடித்துவிட்டவர்கள் ஒவ்வொரு பல்லிலும் என்கிரேவர் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.