லாரி டிரைவர் வீட்டுக்குப் பத்திரமான குறிப்புகள்

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரியை நம்பி வாழும் வீடுகள் ஏராளம். வண்டி முதலாளியுடையது, லோடு பார்ட்டியுடையது. டிரைவருக்குச் சொந்தமானது லைசென்ஸ் ஒன்றுதான். அதைக் காப்பதில் வீட்டில் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு.

1. கனரக லைசென்ஸ் 5 வருடம் செல்லும். கேஸ், பெட்ரோல் போன்ற அபாயச் சரக்கு ஓட்டும் அனுமதிக்கு 3 வருடம்தான். காலாவதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். டிரைவர் வடக்கே போய்விட்டால் தேதி மறந்துபோகும். காலண்டரில் நீங்கள் குறித்து வையுங்கள். காலாவதியான லைசென்ஸோடு விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிய நஷ்ட ஈட்டை முதலாளியிடம் திருப்பிக் கேட்க வழியுண்டு. அப்புறம் அந்த டிரைவரை யார் வண்டியில் ஏற்றுவார்கள்?

2. எந்தத் தேதியில் எந்த வண்டியில் ஏறினார், எப்போது இறங்கினார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இ-சலான் வண்டி நம்பரின் பேரில் வரும். வேறொருவர் ஓட்டிய நாளின் அபராதம் இவர் கணக்கில் கழியாமல் இருக்க அந்த நோட்டு உதவும்.

3. ஓவர்லோடுக்குச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. இதை முதலாளியே கட்டிவிடலாம். ஆனால் அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, ஓவர்லோடு, சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, போன் பேசியபடி ஓட்டுவது ஆகிய ஆறுக்கும் குறைந்தது 3 மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்கும்படி உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. அதிகமாக ஏற்றச் சொன்னவரும் சட்டப்படி பொறுப்பாளிதான். ஆனால் சோதனையில் மாட்டி நிற்பவர் டிரைவர். இது பெரிய அநியாயம். மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் வாடகை, பள்ளிக் கட்டணம், வட்டி எல்லாம் எப்படிக் கட்டுவது என்று இருவரும் உட்கார்ந்து ஒருமுறை கணக்குப் போடுங்கள். ‘இன்னும் ரெண்டு டன் போட்டுக்கப்பா’ என்பவரிடம் முடியாது என்று சொல்லும் தெம்பு அதில் வரும்.

4. வண்டி ஓடும் நேரத்தில் நீங்களாகப் போன் செய்யாதீர்கள். டீ குடிக்க நிறுத்தும்போது அவரே பேசட்டும். 5 மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு தரவேண்டும் என்று 1961-ஆம் வருடச் சட்டமே சொல்லியிருந்தது.

5. மேப் காட்டும் வழி காருக்கானது. லாரியின் உயரமும் எடையும் அதற்குத் தெரியாது. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள்; 16.2 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அங்கே தடை, இரவிலும் கட்டுப்பாடு. பந்திப்பூர் காட்டுவழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். மைசூர்ப் பக்கம் புதிதாகப் போகிறவர், அந்த ரூட்டில் ஓடும் பழைய டிரைவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்பட்டும்.

6. வழி தவறிவிட்டால் உடனே புக்கிங் ஆபீஸுக்குச் சொல்ல வேண்டும். திட்டுக்குப் பயந்து பலர் மறைக்கிறார்கள். சரக்கோடு வரும் இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் செல்லும். சுற்றிப் போய் நேரம் தாண்டினால் வண்டியைப் பிடித்து வைத்து, வரியைப் போல இரு மடங்கு வரை அபராதம் கேட்கலாம். கெடு முடிவதற்கு முன் 8 மணி நேரம், பின் 8 மணி நேரம், இதற்குள் ஆபீஸிலிருந்தே நீட்டித்துவிடலாம். ஒரு போனில் தீர வேண்டிய விஷயம், மறைத்தால் பார்ட்டியையே இழக்க வைக்கும்.

7. திருப்பத்தை விட்டுவிட்டால் நான்குவழிச் சாலையில் ரிவர்ஸ் எடுப்பதோ எதிர்த்திசையில் வருவதோ கூடாது. அடுத்த திருப்பம் எவ்வளவு தூரமானாலும் போய் வரட்டும். எதிரே வரும் குடும்பத்தின் உயிர் அது.

8. தருமபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம். கியரில்தான் இறங்க வேண்டும். மிச்சமாகும் டீசலுக்காகப் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போக விடக்கூடாது.

9. விபத்து நடந்தால் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். கூட்டம் அடிக்க வந்தால் அங்கேயே நிற்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போய்த் தகவல் சொல்ல வேண்டும். அந்த ஊர் ஸ்டேஷன் எது என்று தெரியாவிட்டால் 112-ஐ அழைக்கலாம்.