நசரேத்தூரின் மௌனம்



1964-ம் ஆண்டு ஜனவரி 5-ம் தேதி பாப்பரசர் 6-ம் சின்னப்பர் நசரேத்தூருக்குச் சென்றார். திருக்குடும்பம் வாழ்ந்த அவ்வூரில் நாம் கற்கவேண்டிய பாடங்களாக மௌனம், குடும்ப வாழ்வு, உழைப்பு ஆகியவற்றை எடுத்துரைத்தார். மௌனத்தையே முதலில் வைத்தார். இரைச்சல் மிகுந்த வீட்டில் ஒருவர் மனம் மற்றவருக்குத் தெரியாது, ஜெபமும் எழும்பாது.

உங்கள் முன்னறையைச் சற்றுப் பாருங்கள். திரு இருதய ஆண்டவர் படத்தைச் சுற்றிலும் எத்தனை பழைய காலண்டர்கள்! தூசி படிந்த பிளாஸ்டிக் பூக்கள்! எதிரே ஓயாத தொலைக்காட்சி! வீட்டை அலங்கரிப்பது என்றால் பொருள்களைச் சேர்ப்பதன்று; வேண்டாதவற்றை அகற்றுவதே. சுத்தமான சுவரில் ஒரு படம், ஒரு பாடுபட்ட சுரூபம், அடியில் ஒரு விளக்கு, முற்றத்தில் பறித்த ஒரு பூ போதும். ஏழை வீட்டுக்கும் இது கூடும்.

மாலையில் விளக்கேற்றியதும் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். கைப்பேசிகளை ஓரிடத்தில் வையுங்கள். 53 மணி ஜெபமாலைக்கு 20 நிமிஷம் போதும். பின்பு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணுங்கள். அவ்வேளையில் கடன் பேச்சும் மதிப்பெண் பேச்சும் வேண்டாம்.

ஆனால் தகப்பனாரின் காலடி ஓசை கேட்டுப் பிள்ளைகள் ஒளிந்துகொண்டால், எந்த அலங்காரமும் அவ்வீட்டுக்குச் சமாதானம் தராது. பொழுது சாயுமுன் கோபத்தை விட்டுவிடும்படி அப்போஸ்தலரான அர்ச். சின்னப்பர் எபேசியருக்கு எழுதினார். உங்கள் வீட்டில் கணவனும் மனைவியும் பேசாதிருக்கிறீர்களா? அது நசரேத்தூரின் மௌனமன்று. இன்றிரவே உங்களில் ஒருவர் முதலில் பேசுங்கள்.