புகைக்கும் பணியாளரை என்ன செய்வது?



உன் மருத்துவமனைக்காக நீ எழுதிய புகையிலைக் கொள்கையின் வரைவு வந்து சேர்ந்தது. வரைவு நன்றாகவே இருக்கிறது. ஆனால் கூடவே நீ எழுதியிருந்த இரண்டு செய்திகள்தாம் என்னை உட்கார்ந்து பதில் எழுத வைத்தன. வேப் எனும் இ-சிகரெட்டில் வருவது வெறும் நீராவிதானே, அதை ஏன் சிகரெட்டோடு சேர்க்கிறீர்கள் என்று பயிற்சி மருத்துவர்கள் உன்னிடம் சண்டைக்கு வருகிறார்களாம். நிர்வாகமோ, புகைப்பவரை வேலைக்கே எடுப்பதில்லை என்று ஒரு விதி போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது என்கிறதாம். முதலாவது எனக்கு எரிச்சல் தந்தது, இரண்டாவது கவலை தந்தது.

எரிச்சலை முதலில் தீர்த்துக்கொள்கிறேன். மருந்தியல் படித்துத் தேர்வு எழுதித் தேறியவர் நீராவி என்று சொல்லலாமா? அந்தக் குழலுக்குள் இருப்பது புரோப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும். அவற்றைச் சூடான கம்பிச்சுருள் நுண்துளிகளாக்கி அனுப்புகிறது. அதனோடு நிக்கோட்டின், மணமூட்டிகள், சூடு மிஞ்சினால் ஃபார்மால்டிஹைடு, சுருளிலிருந்து கழன்று வரும் உலோகத் துகள்கள் எல்லாம் போகின்றன. சிகரெட் புகையில் உள்ளதைவிட நச்சு குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூச்சுத் திணறி வந்து படுத்திருக்கும் ஆஸ்துமாக்காரரின் கட்டிலருகே அந்தக் குறைவும் அதிகம்தான். ஆக்சிஜன் குழாய் ஓடும் அறையில் சூடேறும் கம்பியையும் லித்தியம் பேட்டரியையும் பையில் வைத்துக்கொண்டு உலவுவது எப்படிப்பட்ட காரியம் என்று நீ அவர்களைக் கேள். ஆக்சிஜன் ஊறிய போர்வை எவ்வளவு வேகத்தில் பற்றும் என்பதை உன் தீயணைப்புப் பயிற்சியாளரை ஒருமுறை செய்து காட்டச் சொல். அதற்கு மேல் வாதம் வேண்டியிருக்காது.

அவர்கள் அடுத்து இங்கிலாந்தைக் காட்டுவார்கள். காட்டட்டும், அது உண்மைதான். 2019 ஜூலையில் பர்மிங்காம் பகுதியின் இரண்டு அரசு மருத்துவமனைகள் தங்கள் வளாகத்துக்குள்ளேயே வேப் கடை திறந்தன. சிகரெட் பிடித்தால் 50 பவுண்டு அபராதம், வேப் பிடிக்கத் தடையில்லை என்றன. அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியா இ-சிகரெட்டை அவசரச் சட்டத்தால் தடை செய்தது. டிசம்பரில் அது முழுச் சட்டமாயிற்று. ஒரே ஆண்டில் இரண்டு நாடுகள் நேரெதிர்த் திசையில் போனதைப் பார்த்து நம் பிள்ளைகள் குழம்புவது இயல்பு. ஆனால் அங்கே அந்தக் கடை யாருக்காக வந்தது? ஆண்டுக்கணக்கில் சிகரெட் பிடித்து விட முடியாமல் தவிப்பவர்களுக்காக. திரவத்தில் மில்லி லிட்டருக்கு 20 மில்லி கிராமுக்கு மேல் நிக்கோட்டின் இருக்கக் கூடாது என்று அங்கே வரையறை உண்டு, பதினெட்டு வயதுக்குக் கீழே விற்பனை கிடையாது. 2019இல் அங்கே நடந்த ஒரு பெரிய ஆய்வில் 886 பேர் சேர்ந்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு, இ-சிகரெட் கொடுத்தவர்களில் 18 சதவீதத்தினரும் நிக்கோட்டின் மாற்று மருந்து கொடுத்தவர்களில் 9.9 சதவீதத்தினரும் சிகரெட்டை விட்டிருந்தார்கள். இதைப் படித்த பயிற்சி மருத்துவர் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். அந்த 18 சதவீதத்தினரில் பத்துக்கு எட்டுப் பேர் ஓராண்டு கழித்தும் வேப்பை விடவில்லை.

உன் விடுதியில் சுற்றும் வேப் அப்படி வந்ததா? சிகரெட்டைத் தொட்டே பார்க்காத பிள்ளை மாம்பழ வாசனைக்காக ஆரம்பித்தது அது. கள்ளத்தனமாக வந்த பொருள், உள்ளே என்ன என்று சொல்ல ஆளில்லை. உள்ளே என்ன என்று தெரியாததன் விலையை அமெரிக்கா கொடுத்தது. அங்கே 2020 பிப்ரவரிக்குள் வேப்பால் நுரையீரல் கெட்டு மருத்துவமனைக்குப் போனவர்களும் இறந்தவர்களுமாக 2807 பேர் கணக்கில் வந்தார்கள், அவர்களில் 68 பேர் இறந்திருந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்துக் கலந்த கள்ளக் குப்பிகளில் சேர்த்த வைட்டமின் இ அசிடேட்டே காரணம் என்று தெரிந்தது. நிக்கோட்டின் வேப் எல்லாமே அப்படி என்று நீ சொல்லிவிடாதே, வாதத்தில் தோற்பாய். யாரும் சோதிக்காத குப்பி என்பதுதான் நம் கவலை.

சட்டத்தில் ஒரு நுணுக்கம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, வினியோகம், விளம்பரம், சேமித்து வைத்தல் என்று பட்டியல் போடுகிறது. முதல் முறை விற்றால் ஓராண்டுச் சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் வரை போகலாம். ஆனால் ஒருவர் இழுப்பது அந்தப் பட்டியலில் இல்லை. 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டமும் மருத்துவமனைக் கட்டடத்தைத்தான் சொல்கிறது. பிணவறைக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தடி கட்டடமா என்று யாராவது கேட்டால் நீ விழிப்பாய். ஆகவே வளாகம் முழுவதும், வாகனங்களும் ஆம்புலன்சும் உட்பட, எரிவதும் சூடாவதும் இரண்டும் கூடாது என்று உங்கள் விதியில் நீங்களே எழுதிவிட வேண்டும். அந்தப் புகையிலைச் சட்டத்தின் 2008ஆம் ஆண்டு விதிகள் விமான நிலையத்துக்கும் முப்பது அறையோ அதற்கு மேலோ உள்ள ஓட்டலுக்கும் தனிப் புகையறை வைக்க இடம் தந்தன. மருத்துவமனைக்குத் தரவில்லை. எனவே "பணியாளர் புகையறை" என்று உன் வரைவின் பின்னிணைப்பில் இருக்கும் வரியை அடித்துவிடு. அறிவிப்புப் பலகையில் புகார் சொல்ல வேண்டியவரின் பெயரும் இருக்க வேண்டும் என்பது விதி. நான் போகிற மருத்துவமனைகளில் அந்த இடம் வெறுமையாகவே கிடக்கிறது. இது எனக்குப் பொறுக்கவே பொறுக்காத விஷயம்.

இனி என் பழைய பாட்டுக்கு வருகிறேன். வகுப்பில் கேட்டிருப்பாய், மறுபடியும் கேள். மருத்துவமனைப் பணியாளர் புகைப்பதைப் பற்றிப் பேச வேண்டுமானால் பிரிட்டிஷ் ஆய்வாளர்களான ரிச்சர்ட் டாலையும் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லையும் விட்டுவிட்டு ஆரம்பிக்க முடியாது.

ஹில்லை எனக்குத் தனியாகவே பிடிக்கும். முதல் உலகப் போரில் விமானியாகப் போய்க் காசநோயோடு திரும்பியவர். அந்த நோயால் மருத்துவம் படிக்க முடியவில்லை. படுக்கையில் கிடந்தபடி லண்டன் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பட்டத்துக்கு அஞ்சல்வழிப் படித்தார். பின்னாளில் அதே காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன்படுமா என்று சோதிக்கும் முறையை வகுத்தவர் அவர்தான், அதன் முடிவு 1948இல் வந்தது. அவருடைய புள்ளியியல் நூலை நான் இன்றும் எடுத்து வைத்துப் படிக்கிறேன். கணக்கு தெரியாத மருத்துவருக்காக இவ்வளவு பொறுமையாக எழுதியவர் வேறு யார்?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் நுரையீரல் புற்றுநோய் ஏன் ஏறுகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை இருவரிடமும் வந்தது. சாலைக்குப் போடும் தாரைத்தான் டால் முதலில் சந்தேகித்தார். லண்டனின் இருபது மருத்துவமனைகளில் நோயாளிகளைக் கேட்டுப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைக்காதவர் இரண்டே பேர். ஆய்வு முடிவதற்குள் டால் தன் சிகரெட்டை விட்டுவிட்டார். 1950இல் கட்டுரை வந்தது. யாரும் அசையவில்லை.

அப்போது ஹில் செய்த காரியம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1951 அக்டோபரில் பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டில் இருந்த சுமார் 59,600 பேருக்கும் ஒரு சிறு வினாத்தாள் அனுப்பினார்: நீங்கள் புகைக்கிறீர்களா, எவ்வளவு, எப்போதிலிருந்து? நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் பதில் எழுதினார்கள். மருத்துவரைத் தேர்ந்தது வசதிக்காக. பதிவேட்டில் இருப்பதால் அவர்கள் தொலைந்துபோக மாட்டார்கள், இறந்தால் தெரிந்துவிடும். 1954க்குள் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆண் மருத்துவர்களில் 789 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் 36 பேர் நுரையீரல் புற்றுநோயால் போனவர்கள். அதிகம் புகைத்தவர்களிடையே அந்தச் சாவு விகிதம் படிப்படியாக ஏறியிருந்தது. அதே மக்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். தொண்ணூறைத் தாண்டிய டால் 2004இல் தன் கையாலேயே கடைசி அறிக்கையை வெளியிட்டார்: விடாமல் புகைத்தவர் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழந்தார். முப்பது வயதில் விட்டவருக்கு அந்தப் பத்தும் மிஞ்சியது, ஐம்பதில் விட்டவருக்கு ஆறு, அறுபதில் விட்டவருக்கும் மூன்று.

இந்தக் கதையில் நான் உனக்குச் சுட்ட விரும்புவது ஒன்று. பிரிட்டிஷ் மக்களில் மற்றவர்களுக்கு முன்னாலேயே கூட்டமாக விட்டவர்கள் மருத்துவர்கள். அவர்கள் மருத்துவமனைகளில் அன்று எந்தத் தடையும் இல்லை, வார்டில் நோயாளியின் தலைமாட்டிலேயே சாம்பல் கிண்ணம் இருந்தது. செத்துக்கொண்டிருப்பது நாம்தான் என்று அவர்களுக்குத் தெரிந்தது, விட்டார்கள். உன் வரைவு முழுவதிலும் பணியாளர் குற்றவாளியாக வருகிறார், எச்சரிக்கப்படுபவராக வருகிறார், சம்பளம் பிடிக்கப்படுபவராக வருகிறார். ஓரிடத்திலாவது நோயாளியாக வருகிறாரா? உங்கள் மருத்துவமனையின் முதல் நோயாளி அவர்தானே?

நிக்கோட்டின் உடம்பில் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். பன்னிரண்டு மணி நேர நைட் ட்யூட்டியில் அது இல்லாமல் தவிப்பவர் சிடுசிடுப்பார், ஊசி போடும் கை நிதானம் இழக்கும், இல்லையென்றால் சுவரேறித் தம் அடிக்கப் போவார். இரண்டு மில்லி கிராம் நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. அது உங்கள் பணியாளர் மருந்தகத்தில் இலவசமாக இருக்கட்டும். இடைவேளை புகைப்பவருக்கு மட்டும் சொந்தம் என்ற வழக்கத்தை ஒழி. பத்து நிமிட ஓய்வு என்றால் எல்லாருக்கும் என்று எழுது, புகைக்காத நர்ஸ் பிள்ளைகள் உன்னை வாழ்த்துவார்கள். சென்னையில் இருக்கிறவர்களுக்கு அடையாறு புற்றுநோய் நிலையத்தின் புகையிலை நிறுத்த மையம் உண்டு, 2002இல் நாட்டில் முதலில் தொடங்கிய பதின்மூன்றில் அது ஒன்று. மற்றவர்களுக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய எண் இருக்கிறது. இரண்டையும் சம்பளச் சீட்டிலேயே அச்சடிக்கச் சொல்.

இன்னொன்று. அபராதப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் வார்டு பாய், செக்யூரிட்டி, ஆம்புலன்ஸ் ஓட்டுநர் இவர்கள் பெயர்தான் நிரம்பியிருக்கும். ஏசி அறைக்குள் ஜன்னலைத் திறந்து வைத்துப் புகைக்கும் பெரிய டாக்டர் பெயர் இருக்காது. அந்தப் பெயரை எழுதத் துணியாத மருத்துவமனை இந்தக் கொள்கையை அச்சடிக்கவே வேண்டாம். காகிதச் செலவாவது மிஞ்சும்.

நிர்வாகத்தின் யோசனைக்கு முன்னோடிகள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2005 டிசம்பரிலிருந்து புகைப்பவரைச் சேர்ப்பதில்லை. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் 2007இல் அந்த வழிக்கு வந்தது. சேரும் முன் சிறுநீரில் கோட்டினின் (நிக்கோட்டின் உடம்பில் சிதைந்து உண்டாகும் பொருள்) இருக்கிறதா என்று சோதித்து, தேறாதவரை இலவச நிறுத்தப் பயிற்சிக்கு அனுப்புகிறது. அங்கே அந்தப் பயிற்சி இருக்கிறது. இங்கே தடை மட்டும் வரும், பயிற்சி வராது. வேலை இழப்பவர் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளராகத்தான் இருப்பார், அவருக்கு அந்தச் சம்பளத்தை விட்டால் வேறு வழியில்லை. அதோடு, பீடியை விடுவதற்காகச் சூயிங்கம் மெல்லுபவருடைய சிறுநீரிலும் கோட்டினின் வரும். விட முயல்பவரையே பிடித்து வெளியே தள்ளும் சோதனையைப் போய் நீ எப்படி முன்மொழிவாய்? இதை நிர்வாகக் கூட்டத்தில் முதலிலேயே சொல்லிவிடு.

மெல்லும் புகையிலையை உன் வரைவு தொடவே இல்லை. 2016-17 கணக்கெடுப்பின்படி இந்தியப் பெரியவர்களில் 10.7 சதவீதத்தினர் புகைத்தார்கள், 21.4 சதவீதத்தினர் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். ஹான்ஸ் பொட்டலம் அறுவை அரங்கின் உடை மாற்றும் அறை வரை போகிறது. கூட்டத்துக்கு முன் வரைவைத் திருத்தி அனுப்பு. பணியாளர் ஆண்டுப் பரிசோதனைப் படிவத்தில் வாய் உட்புறம் பார்த்து எழுத ஒரு கட்டம் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் சேர்த்துக்கொள். பல் மருத்துவரைக் குழுவில் போட மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்