மலையும் மாயப்பாவையும்

நுழையும்முன்

விளையாட்டு என்றதும் திடலும் பந்தும் நினைவுக்கு வந்த காலம் ஒன்று உண்டு. பின்னர் விளையாட்டு அறைக்குள் புகுந்து, திரைக்குள் அடங்கியது. இன்று அதே திரை, விளையாடுவோரை மீண்டும் தெருவுக்கும் கடற்கரைக்கும் மலைக்கும் அழைத்துச் செல்கிறது. அந்த அழைப்பை ஏற்று நடப்பவர் பெறுவன எவை, இழப்பன எவை என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

கொல்லிமலையின் அடிவாரத்தில்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குச் செல்வோர், காரவள்ளியில் சமவெளியிடம் விடைபெறுகின்றனர். அங்கிருந்து மலையேறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பேருந்து ஒவ்வொரு வளைவாகத் திரும்பி ஏற, கீழே வயல்கள் சிறுத்துக்கொண்டே போகும், காற்று குளிரும். முதன்முறை வருவோர் வளைவுகளை எண்ணத் தொடங்கி, இருபதைக் கடப்பதற்குள் கணக்கை மறந்து வெளியே பார்க்கத் தொடங்கிவிடுவர்.

இம்மலைக்கு ஒரு பழம்புகழ் உண்டு. வல்வில் ஓரி ஆண்ட மலை என்பது அதில் ஒரு பாதி. மறுபாதி கொல்லிப்பாவை. நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகிய சங்க நூல்களில் தலைவியின் அழகுக்கு உவமையாக இப்பாவை வருகிறது. தெய்வம் அமைத்த வடிவம் அது. காற்றும் மழையும் தாக்கினாலும் பொலிவு குன்றாதது என்பது புலவர் கூற்று. கண்டோரை நகைத்து மயக்கி உயிர்கொள்ளும் என்னும் கதையும் வழங்கி வருகிறது.

மலை உண்மை, வழி உண்மை, வழிநடப்பவரும் உண்மை. ஆனால், அவர் கண்ணைக் கவர்ந்து நிற்பது மட்டும் ஒரு தோற்றம். கொல்லிப்பாவைக் கதையின் இந்த அமைப்பை மனத்தில் கொண்டால், இன்றைய திறன்பேசி விளையாட்டு ஒன்றைப் புரிந்துகொள்வது எளிது.

தோற்றம் தோன்றும் விதம்

நாம் காணும் உண்மையான காட்சியின்மீது, கணினி உருவாக்கிய வடிவத்தைப் பொருத்திக் காட்டும் நுட்பம் 'ஆக்மெண்டட் ரியாலிட்டி' எனப்படுகிறது. தமிழில் இதை மிகைமெய் எனலாம். மெய்நிகர் உலகம் இதனின்று வேறானது. மெய்நிகர்க் கருவியை அணிந்தவர் தாம் இருக்கும் அறையைக் காண்பதில்லை; மிகைமெய்யில் அறையும் தெரியும், அங்கில்லாத பொருளும் தெரியும். மெய்யும் புனைவும் கலந்திருத்தல், நாம் செய்வதற்கு அக்கணமே மறுவினை தருதல், முப்பரிமாண வெளியில் உரிய இடத்தில் பொருந்தி நிற்றல் ஆகிய மூன்றும் இதன் இலக்கணம் என 1997இல் ரொனால்ட் அசுமா என்னும் அறிஞர் வரையறுத்தார்.

இதற்கு வேண்டிய உறுப்புகள் யாவும் இன்றைய திறன்பேசியில் உள்ளன. செயற்கைக்கோள்களின் குறிப்பலைகளைக் கொண்டு புவியிடங்காட்டி நம் இருப்பிடத்தைக் கணிக்கிறது. நாம் நோக்கும் திசையையும் கைபேசியின் சாய்வையும் உணரிகள் அறிகின்றன. ஒளிப்படக்கருவி எதிரிலுள்ள காட்சியைத் தருகிறது. இவற்றை இணைத்து, 'இந்த அரசமரத்தடியில் ஒரு விலங்கு நிற்கிறது' என்று செயலி காட்டுகிறது. மரத்தடியில் எதுவும் இல்லை. ஆயினும் அதைப் பிடிக்க மரத்தடிக்குத்தான் போகவேண்டும்.

பேழையிலிருந்து பாவை வரை

அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான புவியிடங்காட்டிக் குறிப்பலையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் நீக்கியது. இருப்பிடத்தைப் பன்மடங்கு துல்லியமாக அறியும் வாய்ப்பு அதனால் எல்லார்க்கும் கிட்டியது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு பேழையை மறைத்துவைத்து, அதன் ஆயத்தொலைவுகளை இணையத்தில் வெளியிட்டார். தேடிக் கண்டுபிடிப்பவர் பேழையிலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைக்கவேண்டும் என்பது விதி. 'ஜியோகேச்சிங்' என உலகெங்கும் பரவிய அவ்விளையாட்டில் மறைத்த பேழை மெய்யானது.

பேழை மறைந்து தோற்றம் மட்டும் எஞ்சியது அடுத்த படி. ஜான் ஹான்கி என்பார் தொடங்கிய கீஹோல் நிறுவனத்தின் படைப்பே பின்னாளில் கூகுள் எர்த் ஆயிற்று. அவர் கூகுளுக்குள் உருவாக்கிய நியாண்டிக் குழு 2012இல் 'இன்கிரஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. ஊரிலுள்ள சிலைகள், பழங்கட்டடங்கள், பூங்காக்கள் முதலியவற்றை விளையாடுவோரே படமெடுத்து அனுப்பினர். அவ்விடங்கள் விளையாட்டின் வாயில்கள் ஆயின. அந்த இடப்பட்டியலை அடித்தளமாகக் கொண்டு 2016 சூலையில் 'போக்கிமான் கோ' வந்தது. இந்தியாவில் முறையாக வெளிவருமுன்பே பலர் வேறு வழிகளில் அதைப் பதிவிறக்கி விளையாடினர். 2016 டிசம்பரில், ரிலையன்ஸ் ஜியோவுடன் கூட்டுச்சேர்ந்து அது இங்கு முறையாக வெளியிடப்பட்டது.

தெரியுமா?
நியாண்டிக் என்பது ஒரு கப்பலின் பெயர். தங்க வேட்டைக் காலத்தில் 1849இல் சான் பிரான்சிஸ்கோவை அடைந்த அக்கப்பல் கரையிலேயே நிறுத்தப்பட்டது. நகரம் வளர்ந்தபோது மண்ணுக்குள் புதையுண்டது. நடப்போர் அறியாத வரலாறு அவர்தம் காலடியிலேயே இருக்கிறது என்பதைக் குறிக்கவே நிறுவனத்துக்கு இப்பெயர் சூட்டப்பட்டது.

நடக்கவைத்த விளையாட்டு

வீட்டுக்குள் முடங்கிய இளைஞரை வெளியே கொணர்ந்தது இவ்விளையாட்டின் முதல் நன்மை. இதனை வெறும் விளம்பரக் கூற்று எனத் தள்ளிவிட இயலாது. அமெரிக்க இளைஞரிடையே ஹார்வர்டு ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு, 2016 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. விளையாடத் தொடங்கிய முதல் வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 955 காலடிகள் கூடியிருந்தன. ஆனால், அந்த ஆய்வின் மறுபாதியையும் படிக்கவேண்டும். கூடிய காலடிகள் வாரந்தோறும் குறைந்து, ஆறாம் வாரத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிட்டன. புதுமையின் கவர்ச்சியால் நடந்தவர், புதுமை தீர்ந்ததும் உட்கார்ந்துவிட்டார். நடையின் இன்பத்துக்காக நடப்பவரின் கதை வேறு.

மற்றொரு நன்மை, மனிதர் வராத ஊருக்கு மனிதரை வரவழைப்பது. 2011ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையால் சிதைந்த சப்பானின் வடகிழக்குக் கரையோர மாவட்டங்கள், பயணியரின் வருகையை மீட்க நியாண்டிக் நிறுவனத்துடன் கைகோத்தன. 2016 நவம்பரில், எளிதில் கிட்டாத ஓர் உயிரி அக்கடற்கரையில் மிகுதியாகத் தோன்றுமாறு செய்யப்பட்டது. இஷினோமாகி முதலிய ஊர்களுக்கு மக்கள் திரண்டு வந்தனர். அங்கு அழைப்பு விடுத்தது அவ்வூர் மக்களின் அரசு என்பதை நினைவில் கொள்ளல் வேண்டும். பின்னர் வரும் செய்திகளுக்கு அது வேண்டியதாகும்.

கால் ஓரிடம், கண் ஓரிடம்

நடப்பவருக்குக் கண்ணே வழித்துணை. இவ்விளையாட்டு காலுக்கு வேலை தந்து, கண்ணை எடுத்துக்கொள்கிறது. 2016 சூலையில் கலிபோர்னியாவின் என்சினிடாஸ் என்னுமிடத்தில், தோற்ற விலங்கைத் தேடிச் சென்ற இருவர் தடுப்புவேலியைக் கடந்து செங்குத்தான கடற்பாறையிலிருந்து விழுந்து காயமுற்றனர். அதே ஆண்டு சப்பானில், வாகனம் ஓட்டிக்கொண்டே விளையாடியவர்களால் உயிரிழப்புகள் நேர்ந்தன. அக்டோபரில் இச்சினோமியா நகரில் சாலையைக் கடந்த ஒன்பது வயதுச் சிறுவன் மாண்டான். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஒரு மாவட்டத்தின் காவல்துறை விபத்துப் பதிவேடுகளைப் பர்டூ பல்கலைக்கழகப் பொருளியல் ஆய்வாளர் இருவர் ஆராய்ந்தனர். விளையாட்டு வெளிவந்தபின், அதன் நிறுத்தங்களுக்கு அருகிலிருந்த சாலைச் சந்திப்புகளில் விபத்துகள் பிற சந்திப்புகளைவிட மிகுதியாகக் கூடியிருந்ததை அவர்கள் கண்டனர்.

சிறுவனின் இறப்புக்குப்பின், குறிப்பிட்ட வேகத்துக்குமேல் செல்லும்போது விளையாட்டின் சில செயல்கள் நின்றுவிடுமாறு மாற்றப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், அதைக் காரவள்ளிச் சாலையில் வைத்துப் பார்த்தால் அதன் குறை புலப்படும். கொண்டை ஊசி வளைவில் திணறி ஏறும் இருசக்கர வாகனத்தின் வேகம், விரைந்து ஓடும் ஒருவரின் வேகத்தைவிடப் பெரிதும் மிகுதியன்று. வேகத்தை மட்டும் அளக்கும் கருவிக்கு அவ்வாகனம் ஓட்டமாகவே தோன்றும். மேலிருந்து இறங்கும் பேருந்து ஒலியெழுப்பியபடி வளைவில் திரும்புவதை அக்கருவி அறியாது. சமவெளிச் சாலைக்கென எழுதப்பட்ட விதி மலைக்குப் பொருந்துவதில்லை.

யாரைக் கேட்டு?

விபத்தைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். அதனினும் ஆழமான வினா ஒன்று உண்டு. ஓரிடத்தில் ஒரு தோற்றத்தை நிறுத்த, அவ்விடத்துக்கு உரியவரின் இசைவு வேண்டாமா?

அணுகுண்டுக்கு இரையானோரின் நினைவாக அமைந்த இரோசிமா அமைதிப் பூங்காவில் போக்கிமான் தேடுவோர் குவிந்தனர். ஆகஸ்டு 6ஆம் நாள் நினைவுநிகழ்வுக்குமுன் அவற்றை அகற்றுமாறு நகர நிருவாகம் வேண்ட, நிறுவனம் அகற்றியது. போலந்தின் அவுஷ்விட்ஸ் வதைமுகாம் அருங்காட்சியகமும், வாசிங்டனின் இனஅழிப்பு நினைவு அருங்காட்சியகமும் இதே வேண்டுகோளை விடுத்தன. குசராத்து உயர்நீதிமன்றத்தில் 2016இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கு, வழிபாட்டிடங்களில் விளையாட்டின் முட்டைகள் கிடைப்பது சமய உணர்வைப் புண்படுத்துவதாகக் கூறியது. நீதிமன்றம் நிறுவனத்துக்கும் அரசுகளுக்கும் அறிவிக்கை அனுப்பியது. அமெரிக்காவில் வீட்டு உரிமையாளர்கள் தொடுத்த வழக்கு 2019இல் உடன்பாட்டில் முடிந்தது. தம் வீட்டிலிருந்து 40 மீட்டருக்குள் உள்ள விளையாட்டிடத்தை நீக்கக் கோரும் உரிமையை அவர்கள் பெற்றனர்.

இவ்வழக்குகளிலும் வேண்டுகோள்களிலும் ஓர் ஒற்றுமை உண்டு. முதலில் தோற்றம் நிறுத்தப்படுகிறது. முறையீடு அதன்பின் வருகிறது. வழக்குத் தொடுக்க வசதியும், வேண்டுகோள் விடுக்க அலுவலகமும் உள்ள இடங்களே விடுபட்டன. கொல்லிமலையில் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறைகளாகக் காத்துவரும் கோயில்காடுகள் உள்ளன. எங்குச் செருப்பைக் கழற்றவேண்டும், எம்மரத்தைத் தொடலாகாது என்பன எழுதிவைத்த பலகையில் இருப்பதில்லை. ஊராரின் நினைவில் இருக்கின்றன. அறைகடலுக்கு அப்பாலிருந்து வரைபடத்தில் புள்ளி வைப்பவருக்கு அது காடு. அங்கு வாழ்வோர்க்கு அது கோயில்.

நடைக்குக் கொடுக்கும் விலை

இவ்விளையாட்டைப் பதிவிறக்கப் பணம் வேண்டியதில்லை. ஆயினும் விளையாடுபவர் ஒன்றைத் தருகிறார். எப்போது எங்கிருந்தார், எவ்வழியே சென்றார், எவ்விடத்தில் நின்றார் என்பவை விளையாட்டின் இயக்கத்துக்கே இன்றியமையாதவை. சிலர் விருப்பத்தின்பேரில் சிலைகளையும் கட்டடங்களையும் சுற்றி வந்து படம்பிடித்தும் அனுப்பினர். விளையாடுவோர் அனுப்பிய அத்தகைய படங்களைக் கொண்டு, உலகின் இடங்களைக் கணினி புரிந்துகொள்வதற்கான செயற்கை நுண்ணறிவு மாதிரியை உருவாக்கி வருவதாக 2024 நவம்பரில் நியாண்டிக் அறிவித்தது. 2025இல் விளையாட்டுப் பிரிவு 350 கோடி டாலருக்கு வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இடவரைவுப் பணி தனி நிறுவனமாகப் பிரிந்தது. விலங்கைப் பிடிக்கப் புறப்பட்டவர், அறிந்தோ அறியாமலோ நிலஅளவைப் பணியாளராகவும் இருந்திருக்கிறார்.

இந்தியாவின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. பதினெட்டு வயது நிறையாதோர் யாவரும் அதன்படி குழந்தைகளே. அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணித்தல் பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. மேல்நிலை வகுப்பு மாணவர் பெரும்பாலோரும் இவ்வரையறைக்குள் வருபவர் என்பது கருதத்தக்கது. இருப்பிடத்தைப் பயன்படுத்த இசைவு கேட்டுத் திரையில் தோன்றும் வரியைப் படிக்காமலே 'சரி' என்று தொடும் விரலுக்குச் சட்டம் எவ்வளவு உதவும் என்பது வேறு செய்தி.

வெற்றிடமாகத் தெரியும் மலை

விளையாடுவோர் அனுப்பிய இடங்களே விளையாட்டின் வரைபடம் ஆயின எனக் கண்டோம். எனவே, விளையாடுவோர் மிகுந்த பெருநகரங்களில் தெருவுக்கொரு புள்ளி அமைகிறது. சிற்றூர்களும் மலையூர்களும் வெறுமையாகக் கிடக்கின்றன. அறப்பளீசுவரர் கோயிலும், அதனருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிக் காணவேண்டிய ஆகாயகங்கை அருவியும், மிளகுக்கொடி படர்ந்த காப்பித் தோட்டங்களும், சாமையும் தினையும் விளையும் சரிவுகளும் கொண்ட மலை, புள்ளி வைப்பார் இல்லாத வரைபடத்தில் வெறும் பச்சை நிறமாகத் தெரியும்.

வெற்றிடமாக விடப்பட்டதில் ஒரு வாய்ப்பும் உண்டு. வெளியார் புள்ளி வைக்குமுன், உள்ளூரார் தம் வரைபடத்தைத் தாமே வரையலாம். மலையூர்ப் பள்ளி மாணவர் தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு, எவ்விடத்தைக் காட்டலாம், எதைக் காட்டலாகாது எனப் பட்டியலிடலாம். காட்டலாம் என்ற இடத்தில் சாமைக் கதிரின் வளர்ச்சியையோ ஓரியின் வில்லையோ தோற்றமாக நிறுத்தலாம். கோயில்காட்டைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். காரவள்ளியில் பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்தில் ஒரு தோற்றம் வைக்கலாம். அடுத்தது, எழுபது வளைவுகளும் முடிந்து பயணி தரையில் இறங்கியபின்புதான். இடையில் எதுவும் வேண்டா. அங்குப் பார்ப்பதற்கு மலையே இருக்கிறது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் மிகைமெய் விளையாட்டுக்கு ஏற்ற ஐந்து இடங்களையும் ஏலாத ஐந்து இடங்களையும் ஊர்ப் பெரியோரிடம் கேட்டறிந்து, அவர்கள் கூறும் காரணங்களுடன் எழுதுக.

உங்கள் வீட்டிலுள்ள திறன்பேசியில் இருப்பிடத்தை அறிய இசைவு பெற்றுள்ள செயலிகள் எத்தனை? அவற்றுள் அவ்விசைவு உண்மையிலேயே தேவைப்படுபவை எவை? வகுப்பில் கலந்துரையாடுக.